பேரேட்டில் எழுதாத வேலை

தேயிலைத் தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. ஒரு நாள் உழைப்புக்காகச் செக்ரோல் என்னும் பேரேட்டில் விழும் பதிவே பேர். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். வேலையிலிருந்து விலகும் வயது வந்ததும் அந்தப் பதிவு நின்றுவிடுகிறது. நாற்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்த விரல்களும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கைகளும் மறுநாள் முதல் கணக்கில் இல்லாதவை ஆகின்றன. அதன்பின் அந்த மனிதர் எதற்காக விடியலில் எழவேண்டும்? தோட்டத்தின் பேரேட்டில் இக்கேள்விக்கு இடமில்லை. லயத்து மக்களோ அதற்குத் தாமே ஒரு விடை கண்டிருந்தனர்.

முதியோருக்குச் சட்டம் எதுவுமே செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் முதுமையில் கையில் நாலு காசு இருக்க வழி செய்தன. ஆயினும் அவை வயிற்றுக்குச் சொன்ன விடைகள். பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் தெ பொவ்வார் 1970இல் முதுமையைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். உழைக்கும் காலத்தில் மனிதனை வெறும் கருவியாக்கிய சமுதாயம், அவன் தளர்ந்தபின் பரிவு காட்டுவதால் மட்டும் பயனில்லை என்பது அவர் வாதம். ஒரு நோக்கமும், ஒரு பணியும், பிறரோடு ஒரு பிணைப்பும் நீடித்தால்தான் முதுமைக்குப் பொருள் உண்டு என்றார் அவர்.

மலையகத்தில் அந்தப் பணியைத் தந்தது கூத்து. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த மக்கள் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவற்றையும் உடன் கொண்டுவந்தனர். மாசி மாத அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையன்று காமன் கம்பம் நடப்படும். இரவுகள்தோறும் ரதி மன்மதன் ஆட்டம் தொடரும். பௌர்ணமியை ஒட்டிச் சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவான்; ரதி புலம்புவாள்; மூன்றாம் நாள் அவன் உயிர்த்தெழுவான். பகலெல்லாம் மலையில் நின்ற இளைஞன் இரவில் தூதனாகவோ வீரபுத்திரனாகவோ ஆடுவான்.

அந்த இளைஞனுக்குப் பாட்டையும் அடவையும் பழக்கியவர் கூத்து வாத்தியார். பல தோட்டங்களில் அவர் பேர் நின்றுபோன முதியவரே. பாட்டைக் கொப்பியில் எழுதி வைக்கலாம். மெட்டை எழுத இயலுமா? எந்த அடிக்கு எந்தத் தாளம், எங்கே தப்பு ஓங்கவேண்டும், எங்கே அடங்கவேண்டும் என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தன. கங்காணியின் அதட்டலுக்கு ஆயுளெல்லாம் தலைகுனிந்தவர் முன், தவறிய அடியைத் திருத்திக்கொள்ள இளைஞர்கள் காத்து நின்றனர். இதைப் பொழுதுபோக்கு என்ற சொல்லில் அடக்க முடியாது. ஊர் அவரை நம்பியிருந்தது.

பெண்களுக்கு அரங்கில் இடமில்லை. ரதியாக ஆடியவனும் ஆணே. எனினும் தாலாட்டு, கும்மி, ஒப்பாரி ஆகியவற்றை மூதாட்டியர் காத்தனர். தாய்மார் மலைக்குப் போனபின் பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்டியவர்களுள் மலைவேலையை விட்ட முதிய பெண்கள் பலர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை பின்னாளில் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டி நூலாக்கியபோது, எழுத்தறியாதவர்களின் நினைவே அவருக்கு ஏடாயிற்று.

இந்தத் தொடர்ச்சி தானாக அறுந்ததன்று, அறுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் நீலகிரி முதலிய இடங்களில் சிதறினர். வாத்தியார் ஒரு கரையிலும் ரதியாக ஆடவேண்டியவன் மறுகரையிலும் நின்றால் கூத்து எங்கே நடக்கும்? முதியவர் உறவினரை இழந்தார்; தம்மிடம் கற்கவேண்டிய மாணவரையும் இழந்தார்.

பழமையைப் பாராட்டும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். விடியுமுன் மக்களைப் பெரட்டுக்களத்திற்கு அழைத்ததும் தப்பின் ஒலி. விழாவை நடத்தியதும் அதே ஒலி. அதைக் கொட்டியவரைச் சாதி சொல்லி ஒதுக்கியவர்களும் அதே லயங்களில் இருந்தனர். கலை வேண்டும், கலைஞன் வேண்டாம் என்ற அந்தப் புத்தியையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியதில்லை. இன்று தப்பைக் கையில் எடுக்கும் பிள்ளை எந்த வீட்டிலிருந்தும் வரட்டும், பெண்பிள்ளையாகவும் இருக்கட்டும்.

நாடற்றவராய் எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. 2023இல், மலையகத்தின் இருநூறு ஆண்டுகளை நினைந்து மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தனர். இருநூறு ஆண்டுகளைப் பேசும் நாம், அவற்றில் எண்பது ஆண்டுகளை வாழ்ந்து பார்த்தவரைப் பேச விடவேண்டாமா? முதியோர் பராமரிப்பு என்றதும் கஞ்சி, மருந்து, போர்வை என்பதோடு நம் சிந்தனை நின்றுவிடுகிறது. இவை வேண்டும், ஆனால் போதா. ஹட்டன், நுவரெலியாப் பகுதிப் பள்ளிகள் தமிழ்த்தினப் போட்டிக்குக் கூத்துப் பழக்கும்போது, லயத்திலிருக்கும் வாத்தியாரை அழைக்கட்டும். மரியாதையோடு அவருக்குரிய கூலியையும் கொடுக்கட்டும். முதியோர் இல்லத்துத் திண்ணையிலும் ஒரு வகுப்பு நடக்கட்டும். பாட்டை ஒலிப்பதிவு செய்துகொண்டு திரும்பிவிடும் ஆராய்ச்சியில் முதியவர் ஒரு பொருள். பிள்ளைகளை அவர்முன் அமர்த்தும் கல்வியில் அவர் ஆசிரியர். செக்ரோலில் பேர் நின்ற மனிதருக்கு நாம் தரக்கூடிய பேர் அதுவே.