பெயர் மாறிய பாட்டைகள்

கணினியின் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றை இணைக்கும் பொதுக் கம்பித்தொகுதியைக் கலைச்சொல்லாக்கத்தில் ‘பாட்டை’ என்கிறோம். ஆங்கிலத்தில் அது ‘பஸ்’. இலத்தீனில் ‘ஆம்னிபஸ்’ என்றால் ‘அனைவருக்கும்’ என்று பொருள். எல்லாரும் ஏறும் வண்டிக்கு அப்பெயர் வந்தது. மின்னியலில் பல சுற்றுகளுக்குப் பொதுவான கடத்துபட்டைக்கும் வந்தது. அங்கிருந்து கணினிக்குள் நுழைந்தது. சொல் சுருங்கியபின் எஞ்சியது வேற்றுமை உருபு மட்டுமே; நம் நான்காம் வேற்றுமையின் ‘கு’ போல. ‘யாருக்கு’ என்பதைச் சொல்லும் பகுதி உதிர்ந்துவிட்டது. பாட்டைகளின் வரலாற்றிலும் அவ்வினாவே மீண்டும் மீண்டும் எழுகிறது.

1975இல் எம்.ஐ.டி.எஸ். நிறுவனம் ஆல்டேர் 8800 கணினியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் பாட்டை 100 முனைகள் கொண்ட இணைப்பிகளால் ஆனது. பிற நிறுவனங்கள் அதற்குப் பொருந்தும் நினைவக அட்டைகளையும், பின்னர் முழுக் கணினிகளையும் செய்தன. ஆனால் ‘ஆல்டேர் பாட்டை’ என்று போட்டியாளரின் பெயரைச் சொல்லாமல், முனைகளின் எண்ணிக்கையால் ‘எஸ்-100’ என்றன. 1983இல் ஐ.இ.இ.இ. அமைப்பு அதனைச் செந்தரமாக்கியது.

அடுத்த பெயர் மாற்றத்தில் பணயம் பெரிது. ஐ.பி.எம். 1981இல் தன் தனிமேசைக் கணினியில் 8 பிட் பாட்டையை அமைத்தது, 1984இல் ஏ.டி. கணினியில் அது 16 பிட்டாக விரிந்தது. சுற்று வரைபடங்கள் நூலாக வெளியானதால் எவரும் அதற்கு அட்டைகள் செய்ய முடிந்தது. 1987இல் அந்நிறுவனம் ‘மைக்ரோ சேனல்’ என்னும் புதிய பாட்டையை அறிமுகப்படுத்தியது. நுட்பத்தில் அது மேம்பட்டது. 32 பிட் வரை செல்வது. ஆயினும் பழைய அட்டைகள் அதில் பொருந்தா. பயன்படுத்த விரும்புவோர் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும்.

1988இல் காம்பாக் உள்ளிட்ட 9 நிறுவனங்கள் ஒன்றுகூடி, பழைய அட்டைகளையும் ஏற்கும் 32 பிட் பாட்டையை அறிவித்தன. அப்போதுதான் ஏ.டி. பாட்டைக்கு ‘தொழில்துறைச் செந்தரக் கட்டமைப்பு’ என்ற பெயரும் பரவியது. ஐ.பி.எம். உருவாக்கிய ஒன்றிலிருந்து ஐ.பி.எம்.மின் அடையாளம் பெயரளவில் நீங்கியது. புதிய பாட்டைகள் இரண்டுமே பொதுச் சந்தையை வெல்லவில்லை. 1992இல் இன்டெல் வெளியிட்ட பி.சி.ஐ. பாட்டையே அவ்விடத்தைப் பெற்றது.

கருவி வரலாற்றை வேகத்தாலும் பிட் எண்ணிக்கையாலும் மட்டும் எழுதினால் மைக்ரோ சேனலின் தோல்வி விளங்காது. பெயர்களையும் சான்றாகக் கொள்ள வேண்டும். தமிழிலும் ‘இராசபாட்டை’ என்றொரு சொல் உண்டு. வெறும் ‘பாட்டை’ என்னும்போது வழி யாருடையது என்பது தெரிவதில்லை.