கை நீளத் தொலைவு

'அட் ஆர்ம்ஸ் லெங்த்' என்னும் ஆங்கிலத் தொடரைப் பெயர்க்க முயல்வோர் 'கைக்கெட்டும் தூரத்தில்' என்று எழுதிவிடக்கூடும். பொருளோ நேரெதிர். தமிழில் அது எட்டிப் பறித்துக்கொள்ளும் அண்மை; ஆங்கிலத்தில், நீட்டிய கையால் ஒருவரை நெருங்கவிடாமல் நிறுத்தும் விலகல். ஒருவருக்கொருவர் கட்டுப்படாத இருவர் தத்தம் நலன் கருதிச் செய்யும் பேரத்தையும் சட்டத்துறையினர் இத்தொடராலேயே குறிப்பர்.

அரசுக்கும் கலைக்கும் இடையே இத்தொலைவை வைத்துப் பார்த்த நாடு பிரிட்டன். அங்கே 1940இல், போர்க்காலத்தில், இசையையும் கலைகளையும் ஊக்குவிக்க ஓர் அமைப்பு தோன்றியது. 1942 முதல் பொருளியல் அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் அதன் தலைவர். அதுவே 1946இல் அரச சாசனம் பெற்றுக் கலை மன்றமாயிற்று. அதற்குச் சில மாதங்கள் முன்பே கெய்ன்ஸ் மறைந்துவிட்டார். பணம் அரசுடையது, எந்தக் கலைஞருக்கு அதைத் தருவது என்று முடிவு செய்வது மன்றம், அமைச்சர் அல்லர். இந்த ஏற்பாட்டுக்கே பிற்காலத்தில் 'கை நீளக் கொள்கை' என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் வழங்கலாயிற்று.

ஆனால், மன்ற உறுப்பினர்களை நியமித்தவர் அமைச்சர்தாமே? 1976 முதல் 1978 வரை உறுப்பினராயிருந்த விமர்சகர் ரேமண்ட் வில்லியம்ஸ், இத்தகைய நியமனத்தால் மன்றத்தின் தற்சார்பு மெய்யாகுமா என்று 1979இல் எழுதிய கட்டுரையில் ஐயுற்றார்.

அந்த ஐயம் நியாயமானதே. அரசு நீட்டிய கைக்கு அப்பால் நிற்பதாக எண்ணும் கலைஞன், அக்கைக்கு எட்டும் தூரத்திலும் நிற்கிறான். இரு மொழிப் பொருளும் ஒருசேர மெய்யாகும் இடம் இது.