பழைய கண்ணீர்

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. ஒவ்வொரு துக்கத்துக்கும் புதிய சொற்கள் வேண்டும், பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கூடாது என்று நினைப்போம். எனக்கும் அந்தக் கர்வம் நிறைய இருந்தது. யூதர்களின் சரித்திரத்தில் ஓர் உபவாச நாளைப் பற்றிப் படித்த பிறகுதான் அது சற்றுக் குறைந்தது.

யூதர்களுக்கு வேதம் விதித்த பெரிய உபவாசம் ஒன்று உண்டு. எருசலேம் ஆலயம் இடிந்ததை நினைத்து இருக்கும் உபவாசங்களும் உண்டு. இவை எல்லாருக்கும் பொதுவான கடமை. இவை தவிர, ஓர் ஊரோ, ஒரு குடும்பமோ, தனி மனிதரோ மனமுவந்து ஏற்றுக்கொள்ளும் நாட்களும் இருக்கின்றன. விடியுமுன் தொடங்கி இரவில் நட்சத்திரம் தெரியும் வரையில் அன்னமில்லை; தண்ணீருமில்லை. ஜெப ஆலயத்தில் 'செலிஹோத்' என்னும் பாவமன்னிப்புப் பிரார்த்தனைகளை ஓதுவார்கள். அவற்றில் சில, இன்ன ஊரில் இன்ன கொடுமை நடந்தது என்று சொல்லி அழும் பாட்டுக்கள். ஒரு வகையில் அவையே அவர்களுடைய சரித்திர நூல்கள்.

சீவான் மாதம் 20-ஆம் தேதி அப்படிப்பட்ட ஒரு நாள். வைகாசி, ஆனியை ஒட்டி வரும்.

பிரான்சு தேசத்தில் லுவார் நதிக்கரையில் ப்ளுவா என்று ஓர் ஊர். 1171-ஆம் ஆண்டு ஒரு மாலையில் யூதர் ஒருவர் ஆற்றங்கரைக்கு வந்தார். அவருடைய அங்கிக்குள் பதனிடாத தோல்கள் இருந்தன. அதில் ஒன்று நழுவி வெளியே தெரிந்தது. குதிரைக்குத் தண்ணீர் காட்ட வந்த ஊழியன் ஒருவன் அந்த வெண்மையைக் கண்டு மிரண்டு, யூதன் ஒரு குழந்தையின் உடலை ஆற்றில் எறிந்தான் என்று எஜமானிடம் சொன்னான். பிணம் கிடைக்கவில்லை, எந்தக் குழந்தையும் காணாமற் போகவும் இல்லை. ஆயினும் அவ்வூர்ப் பிரபுவின் ஆணையால், ஆண்களும் பெண்களுமாக முப்பதுக்கும் மேற்பட்ட யூதர்கள் தீக்கு இரையானார்கள். யாக்கோபு பென் மேயிர் என்னும் முதிய குருவின் சொற்படி, பிரான்சிலும் ரைன் நதிக்கரை ஊர்களிலும் யூதர்கள் அந்த நாளை உபவாச நாளாகத் தாமே ஏற்றார்கள் என்று பான் நகரத்து எபிராயீம் எழுதி வைத்திருக்கிறார்.

ஏறக்குறைய 480 ஆண்டுகள் கழிந்தன. 1648-இல் உக்ரைனில் கோஸாக்குகள் க்மெல்னித்ஸ்கியின் தலைமையில் கிளர்ந்தெழுந்தார்கள். போலந்துப் பிரபுக்கள் மேலிருந்த கோபம் யூதர்கள் தலையிலும் விடிந்தது. நெமிரோவ் நகரில் யூதர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அந்த நாளும் சீவான் 20! போலந்து யூதர்களின் பொதுச்சபை 1650-இல் அதை உபவாச நாளாக நிச்சயித்தது.

அன்று எதை ஓதுவது? கிராக்கோ நகரத்து ரபி யோம் தோவ் லிப்மன் ஹெல்லரிடம் புதிய பிரார்த்தனை இயற்றித் தரும்படி கேட்டார்கள். ஹெல்லர் துன்பம் அறியாதவர் அல்ல. 1629-இல் அவர் பிராக் நகரில் இருந்தபோது, அவருடைய எழுத்துக்கள் கிறிஸ்தவ மதத்தை நிந்திக்கின்றன என்று சொல்லிச் சிறையில் வைத்தார்கள். தாம் கைதான நாளில் தம் சந்ததியார் உபவாசம் இருக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தவர் அவர். அப்படிப்பட்டவர் புதிதாக எழுத மறுத்துவிட்டார். முன்னோருக்கு நேர்ந்ததே நமக்கும் நேர்ந்திருக்கிறது, எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிப் பழைய பாட்டுக்களையே பொறுக்கிக் கொடுத்தார். நாம் அவற்றை ஓதினால் கல்லறையில் அவர்களுடைய உதடுகள் அசையும். அவர்கள் சொல் நம் பிரார்த்தனைக்கு ஏணியாகும் என்பது அவர் கருத்து.

இதைப் படித்தபோது முதலில் எனக்குக் கோபமே வந்தது. நெமிரோவில் மாண்ட ஒரு பெண்ணுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் அல்லவா? யாருக்கோ பாடிய பாட்டு அவளுக்கு எப்படிப் பொருந்தும்? பிறகு யோசித்துப் பார்த்தேன். மகனைப் பறிகொடுத்துவிட்டு நிற்பவனுக்கு எழுத்தாளனின் புதுமையால் என்ன பயன்? தனக்கு முன்னும் ஒருவன் இப்படி அழுதான், அதன் பின்னும் அவன் சந்ததி பிழைத்திருக்கிறது என்பதுதான் அவனுக்குப் பிடிமானம். பழைய பாட்டு அதைச் சொல்லாமல் சொல்கிறது.

ஆனால் பிற்பாடு ஹெல்லரே 1648-இன் கொடுமையைக் குறித்துப் புதிய பிரார்த்தனை இயற்றினார். எல்லாம் ஒன்றுதான் என்றவராலும் எழுதாமல் இருக்க முடியவில்லை!

1944-ஆம் ஆண்டு மே முதல் ஜூலை வரையில், ஹங்கேரியிலிருந்து 4,00,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் ரயிலேற்றப்பட்டார்கள், பெரும்பாலோர் ஆஷ்விட்சுக்கு. யுத்தத்துக்குப் பின், அங்கே எஞ்சியிருந்த ஆசாரமான யூதர்கள் உபவாசத்துக்குப் புதிய நாள் தேடவில்லை. சீவான் 20-ஐயே எடுத்துக்கொண்டார்கள்.

இப்போதெல்லாம் ஒரு துக்கத்தைப் பற்றி எழுத உட்காரும்போது, புதிய சொல்லைத் தேடுமுன், இதே துக்கத்தை முன்பு அழுதவர் யார் என்று ஒரு கணம் நினைத்துக்கொள்கிறேன். அவர்களுடைய உதடுகள் அசைகின்றனவோ என்னவோ, என் பேனா கொஞ்சம் பணிவோடு அசைகிறது.