டிரைவ்-இன்னும் அப்பாவோட லெதர் பையும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போறேன் மக்கா, பொறுத்துக்கோங்க.

சென்னையில ஜெமினி பாலத்துல இருந்து கதீட்ரல் ரோட்டுக்குள்ள வந்தா செம்மொழிப் பூங்கா இருக்குல்ல, அந்த இடத்துலதான் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்துச்சு. 1962ல ஆரம்பிச்சது. ஜெமினி மேம்பாலமே 1973லதான் வந்துச்சுன்னா பாத்துக்கோங்க.

ஆரம்பிச்சவர் கிருஷ்ண ராவ். உடுப்பிப் பக்கத்துல இருந்து மெட்ராஸ் வந்து, ஓட்டல்ல எடுபிடியா இருந்து மேல வந்த மனுஷன். 1938ல ராயப்பேட்டையில ராமநாதபுரம் ராஜாவோட பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். அதுக்கப்புறம்தான் இந்த டிரைவ்-இன். பெரிய பெரிய மரங்கள், நிழல்ல வரிசையா அம்பாசடர், ஃபியட். சர்வர் வந்து கார் ஜன்னல்ல டிரேயை மாட்டிட்டுப் போவார். அமெரிக்கக்காரன் காருக்குள்ள பர்கர் தின்னான், நம்மாளு மசால் தோசையும் சோளா பட்டூராவும் தின்னான். அவ்ளோதான் வித்தியாசம் :-)

எங்கப்பாகிட்ட இருந்தது பஜாஜ் ஸ்கூட்டர். "டிரேயை எங்கப்பா மாட்டுவாங்க?"ன்னு கேட்டு ஒரு குட்டு வாங்கியிருக்கேன். கார் இல்லாதவங்க உள்ள மேஜையில உக்காரலாம். சினிமாக்காரங்க, காலேஜ் பசங்க, மெடிக்கல் ரெப்புங்கன்னு எல்லாருக்கும் அது ஜாகை. அப்பா மெடிக்கல் ரெப். டாக்டரைப் பாக்குற நேரம் போக மீதி நேரத்துக்கு ரெப்புங்களுக்கு ஆபீஸே அதுதான்.

இடம் அரசாங்கத்தோடது. குத்தகைத் தகராறு பல வருஷம் கோர்ட்டுல நடந்து, கடைசியில 2008 ஏப்ரல்ல மூடிட்டாங்க. அப்ப எனக்குப் பதினோரு வயசு. "இனிமே பட்டூரா கிடையாதா?"ங்கிறதுதான் என் கவலை. அப்பா ரெண்டு நாள் சரியா பேசலை. ஒரு ஓட்டலுக்கு இவ்ளோவான்னு தோணுச்சு.

காரணம் போன வருஷம்தான் தெரிஞ்சுது. நான் ஆணி புடுங்கிட்டிருந்த கம்பெனியில ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாப்பது பேரை அனுப்பினாங்க, அதுல நானும் ஒருத்தன். வீட்டுல சொல்லலை. மறுவாரம் வழக்கம் போல லேப்டாப் பையை மாட்டிக்கிட்டு கிளம்பி, ஏசி காபிக் கடையில முன்னூறு ரூபாய்க்கு ஒரு காபி வாங்கி உக்காந்தேன். ஒண்ணரை மணி நேரம் கழிச்சு, "வேற ஏதாவது ஆர்டர் பண்றீங்களா சார்?" நாலாவது நாள் தாங்கலை, அப்பாகிட்ட சொல்லிட்டேன்.

அப்பா திட்டலை. "2005ல நானும் மூணு மாசம் இப்படித்தான்டா போனேன்"ன்னார்.

காலையில டை கட்டி, லெதர் பையோட கிளம்பி டிரைவ்-இன். பத்தரைக்கு ஒரு காபி, மூணு மணிக்கு ஒண்ணு. ஒரு வயசான சர்வர், தண்ணி டம்ளர் காலியானா நிரப்பிட்டுப் போவாராம். பில்லை மட்டும் அப்பாவா கேக்குற வரைக்கும் வைக்கவே மாட்டாராம். அவருக்கு விஷயம் தெரியுமான்னு அப்பாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அங்க வந்த இன்னொரு ரெப் சொல்லித்தான் அடுத்த வேலையும் கிடைச்சிருக்கு. இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. அவங்க இதைப் படிக்க மாட்டாங்கங்கிற தைரியத்துல எழுதுறேன்.

அந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் செம்மொழிப் பூங்காவுக்குப் போனோம். 2010 நவம்பர்ல திறந்தது, இருபது ஏக்கர். எதிர்ப்பக்கம் 2024 அக்டோபர்ல கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் வந்தாச்சு. பூங்கா வந்ததுல எனக்குக் குறையில்லை. கார் நிறுத்தின இடத்துல குழந்தைங்க ஓடுது, நல்லதுதான். பழைய மரங்களையும் விட்டு வெச்சிருக்காங்க. ஆனா அங்க ஒரு மேஜையும் ஒரு காபியும் நாள் முழுக்க கிடைச்சுதே, அந்த வசதிக்கு மாற்றா எதையும் யாரும் கட்டலை.

அப்பா ஒவ்வொரு மரமா அண்ணாந்து பாத்துக்கிட்டே வந்தார். ஒரு மரத்தடியில நின்னு, "இங்கதான்னு நினைக்கிறேன்"ன்னார். பத்தடி நடந்து, "இல்லடா, இது"ன்னார். அப்புறம் திரும்பவும் முதல் மரத்துக்கே வந்து, கீழ துண்டை விரிச்சு உக்காந்துட்டார்.