குதிரை மென்ற கணக்கு

நாதன் சுன்ட்ஸ்னு ஒரு பேராசிரியர். நம்மூர் நாதன் இல்லீங்க, 1847ல ஜெர்மனியில பான் நகரத்துல பிறந்தவர் :-) பெர்லின் வேளாண் கல்லூரியில பல வருஷம் வேலை பார்த்தார்.

அப்போ வண்டி, பீரங்கி, ஏர் எல்லாத்தையும் இழுத்தது குதிரைதான். தீனிச் செலவுதான் பெட்ரோல் செலவு. எந்தத் தீனி எவ்வளவு வேலை தரும்? தராசுல போட்டா விடை வராது. குதிரைக்கு இரைப்பை சின்னது. புல்லோட நாரெல்லாம் பின்னாடி பெருங்குடல்ல நுண்ணுயிர்கள் புளிக்க வெச்சுத்தான் சத்தாகுது. வாந்தியும் எடுக்க முடியாது. தீனி தப்பாப் போனா வயித்துவலியே உயிரை எடுத்துடும்.

சுன்ட்ஸ் குதிரையை டிரெட்மில்லுல நடக்க விட்டார். ஆமாங்க, ஜிம்முல இருக்கே அதேதான், 1889லயே! தொண்டையில துளை போட்டு, குழாய் வெச்சு மூச்சுக்காத்தை அளந்தார். (பாவம் அந்தக் குதிரை.) ஆக்சிஜன் எவ்வளவு உள்ளே போச்சு, கரியமில வாயு எவ்வளவு வெளியே வந்துச்சுன்னு பார்த்து, உடம்பு எரிச்ச சக்தியைக் கணக்குப் போட்டார். நிக்கும்போது, நடக்கும்போது, இழுக்கும்போது... ஏன், மெல்லும்போது கூட! ஓட்ஸை விட உலர்புல்லை மெல்ல ரொம்ப அதிக சக்தி செலவாச்சு. தீனியில இருக்கற சத்து வேற, குதிரைக்குக் கையில மிஞ்சுறது வேற. நம்ம சம்பளப் பிடித்தம் மாதிரிதான்.

ஹாகெமான்ங்கறவரோட சேர்ந்து 1898ல இதையெல்லாம் வெளியிட்டார். அப்புறம் மோட்டார் வண்டி வந்து குதிரைக்கு வேலை குறைஞ்சுது. முதல் உலகப்போர்ல ஜெர்மனியே சாப்பாட்டுக்குத் திண்டாடினப்போ, மனுஷனுக்கு எது போதும்ங்கற கேள்வி வந்துச்சு. எழுபதை நெருங்கற வயசுல, போர்க்கால ரேஷனைத் தானே சாப்பிட்டு, தன் மூச்சையே அளந்து பார்த்தார் மனுஷன்.