இரு கரைக்கும் ஓர் ஆறு

தேக்கா என்னும் பெயரைத் தமிழர் நாள்தோறும் வழங்கினும், அஃது ரோச்சோர் ஓடைக் கரையில் வளர்ந்திருந்த மூங்கிலைக் குறித்த ஹொக்கியன் சொல்லின் வழிவந்தது என்பதை அறிந்தோர் சிலரே. சிராங்கூன் சாலை மாட்டுத் தொழுவங்களை வளர்த்ததும் அவ்வோடை நீரே. கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பது பொருள். நகரம் பெருகப் பெருக ஓடை சாக்கடையாயிற்று. அது சென்று சேரும் காலாங் ஆற்றுப்படுகையும், அண்மையிலுள்ள சிங்கப்பூர் ஆறும் அவ்வாறே நாறின.

1977 பிப்ரவரி 27ஆம் நாள் மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத்தைத் திறந்துவைத்த பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் இவ்விரு ஆறுகளிலும் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்றார். பணியை நடத்தியது அரசு. விலையைக் கொடுத்தவர் மக்கள். ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. காலாங் பகுதியின் 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் மறைந்தன. சுமார் 5,000 தெருவோர அங்காடிக்காரர் உணவங்காடி நிலையங்களுக்குள் சென்றனர். அக்காலத்திலேயே, 1982இல், தேக்காச் சந்தையும் சாலையின் எதிர்ப்புறத்திற்கு மாறிற்று. 1983இல் ஏறக்குறைய 800 சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்படகுத் தொழிலில் முதன்மை பெற்றிருந்தோர் சோழமண்டலக் கரையினின்று வந்த சூலியா முஸ்லிம்கள் என்பதை நம் மாணவர் அறிதல் நன்று. 1987இல் ஆறுகள் தூய்மையுற்றன. பொறியாளரின் திறம் இன்றும் புகழப்படுகின்றது. வாழ்வளித்த தொழிலை விட்டகன்ற பண்ணைக்காரரை நினைப்பார் அரியர்.

இரு கரைகளும் ஓர் அரசின் ஆட்சிக்குள் இருந்தமையால் இது கைகூடிற்று. ஜொகூர் ஆற்றின் நிலை வேறு. 1962ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, 2061 வரை நாள்தோறும் 25 கோடி காலன் நீரை அவ்வாற்றினின்று எடுக்கச் சிங்கப்பூருக்கு உரிமை உண்டு. சுத்திகரித்த நீரில் ஒரு பகுதி ஜொகூருக்கே திரும்புகின்றது. எனினும், மேற்கரையில் கழிவை விடும் ஆலையைத் தடுக்கும் அதிகாரம் சிங்கப்பூருக்கு இல்லை. 2019 ஏப்ரலில் ஆற்றில் அம்மோனியா மிகுந்தபோது, அங்குள்ள சிங்கப்பூரின் நீர்நிலையம் நிறுத்தப்பட்டது. ஜொகூரின் நீர்நிலையங்களும் மூடப்பட்டன. மாசு கடவுச்சீட்டைக் கேட்டு வருவதில்லை! அதற்கு முந்தைய மாதம் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாறு சென்று கலப்பது இரு நாட்டிற்கும் இடைப்பட்ட ஜொகூர் நீரிணையில்.

சுற்றுப்புறம் பற்றி இரு நாட்டு அதிகாரிகளும் கலந்து பேசக் கூட்டுக்குழு உண்டு. பொதுமக்களுக்கு அத்தகைய மன்றம் எளிதன்று. 1998இல் தோன்றிய நீர்வழிக் கண்காணிப்புச் சங்கத்தின் தொண்டர் மரினா, காலாங் நீர்ப்பரப்புகளில் குப்பை அகற்றுகின்றனர். அவர்தம் கை மறுகரையை எட்டாது. அங்கே நீரின் நிறமும் நாற்றமும் மாறுவதை முதலில் உணர்பவர் மீனவரும் ஆற்றங்கரை ஊராருமே. அவ்வாற்று நீரையே அவர்களும் குடிக்கின்றனர். அவர்கள் எழுப்பும் முறையீட்டுக்கு அவர்தம் அதிகாரிகள் செவிசாய்க்கும் நாளில், தேக்கா வீட்டுக் குழாயிலும் அதன் பயன் வந்து சேர்கின்றது.