பட்டணம் போகலாமா?

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் மாலை, மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு விவசாயி தம் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பெரியாற்றுப் பாசனத்தில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் உண்டு. அறுப்பு முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு இரண்டு மூட்டை அரிசி அவரிடமிருந்துதான் வரும். அன்று மூட்டை வரவில்லை; அதைவிடக் கனமான ஒரு கேள்வி வந்தது.

பெண் மதுரையில் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டாள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. மதுரையிலேயே ஒரு சிறிய நர்ஸிங் ஹோமிலும் கூப்பிடுகிறார்கள். அங்கே சம்பளம் ஏறக்குறையப் பாதிதான். "அண்ணே, நீங்க நாலு ஊரு பார்த்தவரு. புள்ளை மெட்ராஸுக்குப் போறேங்குது. அவ ஆத்தா வேணாங்குறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுபடி செஞ்சிடுறோம்" என்றார் அவர்.

தாயார் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருந்தது. அந்த அம்மாளுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. காலையிலும் மாலையிலும் இன்சுலின் ஊசி போட வேண்டும். போடுகிறவள் இந்தப் பெண்தான். "ஊருக்கெல்லாம் ஊசி போடப் போயிட்டா, வீட்டுக்கு யாரு போடுறது?" என்று கேட்டாளாம் தாய். பெண் இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க பெரியப்பா" என்றாள்.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு பெண்ணை ரயில் ஏற்றி அனுப்புவதும், மனம் மாறித் திரும்பி வரச் செய்வதும் அரைப் பக்க வேலை. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அப்படிச் சொல்ல நா எழவில்லை. ஒரு வாரம் தவணை வாங்கிக்கொண்டேன். அந்த வாரத்தில், இதே கேள்வியை நமக்கு முன்னால் யார் யார் கேட்டார்கள், என்ன செய்தார்கள் என்று பழைய சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தேன்.

நம் பாட்டிமார் காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. பிள்ளைப்பேறு பார்க்க ஊருக்கு ஒரு மருத்துவச்சி இருந்தாள். அவள் கை இல்லாமல் யாரும் பிறக்கவில்லை. ஆனால் அந்தக் கையைத் தீட்டு என்று ஒதுக்கி வைக்கவும் ஊர் தயங்கவில்லை. நோயாளியைத் தொடுவதும், இரத்தத்தைத் துடைப்பதும், அந்நிய ஆடவனின் படுக்கையருகே இரவில் விழித்திருப்பதும் 'நல்ல குடும்பத்துப் பெண்' செய்யும் காரியம் அல்ல என்ற எண்ணம் நம்மிடம் வெகு காலம் இருந்தது.

1871-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். இந்தியாவிலேயே இதுதான் முதல் பள்ளி என்று சொல்வார்கள். அப்போது சீமையில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இருந்தார். இந்த மண்ணில் ஒரு நாளும் கால் வைக்காமலே, இந்தியாவின் சுகாதாரத்தைப் பற்றி ஆண்டுக்கணக்காகக் கடிதங்களும் அறிக்கைகளும் எழுதிக் குவித்தவர் அவர். 1885-ல் ராஜப் பிரதிநிதியின் மனைவி டஃபரின் சீமாட்டியார் பெயரால் ஒரு நிதி ஏற்பட்டது. பெண்களுக்குப் பெண்களைக் கொண்டே வைத்தியம் செய்விப்பது அதன் நோக்கம்.

பள்ளி ஏற்பட்டது; போனவர்கள் யார்? பெரும்பாலும் ஆங்கிலோ-இந்தியப் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களும் போனார்கள். திக்கற்ற விதவைகள் சிலர் போனார்கள். ஊர்ப்பேச்சுக்கு அஞ்ச வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேறு வழி இல்லாததால் அஞ்சிக்கொண்டே போனார்கள் என்பதுதான் சரி.

வேலூர்க் கதை வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். மிஷனரி டாக்டர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடர். ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவ வேதனையில் இறந்ததைக் கண்டவர். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று வீட்டார் மறுத்ததால் நேர்ந்த மரணங்கள் அவை. அவர் அமெரிக்கா சென்று டாக்டராகித் திரும்பினார். 1902-ல் வேலூரில் ஆஸ்பத்திரி எழும்பியது. 1909-ல் அதோடு நர்ஸ் பள்ளியும் ஏற்பட்டது. 1946-ல் அது பட்டப் படிப்பாகவே உயர்ந்தது. இங்கே மதுரையிலும் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் வான் ஆலன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆஸ்பத்திரி நடத்தினார். கீழவெளி வீதியில் இன்றும் அந்த மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது.

1926-ல் சென்னை மாகாணத்தில் நர்ஸ்களையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யச் சட்டம் வந்தது. 'யாரோ ஒரு தாதி' என்றிருந்தவளுக்குச் சர்க்கார் புத்தகத்தில் ஒரு பெயரும் எண்ணும் கிடைத்தன. ஆனால் எண்ணிக்கை போதவில்லை. 1943-ல் நியமிக்கப்பட்டு 1946-ல் அறிக்கை கொடுத்த போர் கமிட்டி, பிரிட்டிஷ் இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று கணக்கிட்டது. டாக்டரோ 6,300 பேருக்கு ஒருவர். அதாவது ஒரு நர்ஸுக்கு ஆறேழு டாக்டர்கள்! அன்றைய மதுரை நகரத்தின் ஜனத்தொகை இரண்டேகால் லட்சத்துக்கு மேல். அந்த விகிதப்படி பார்த்தால் நகரம் முழுவதற்கும் ஐந்து நர்ஸ்கள்! சித்திரைத் திருவிழாவுக்கு ஆற்றில் இறங்கும் கூட்டத்தை ஒரு தரம் நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும்.

1940-ல் மதுரையில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. இன்று நாம் ராஜாஜி ஆஸ்பத்திரி என்று அழைக்கிறோமே, அதுதான். 1954-ல் மருத்துவக் கல்லூரியும் வந்து சேர்ந்தது. மேலூர்ப் பெண்ணைப் போன்றவர்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்ப் படித்து வரும்படியான நிலை அதற்குப் பிறகுதான் சிறுகச் சிறுக உண்டாயிற்று.

இதற்கிடையில் மதுரையிலிருந்தே பட்டணம் போன ஒரு பெண்மணியின் வரலாறு இருக்கிறது. பஸ் கம்பெனி நடத்திய டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகள் சௌந்தரம். பிறந்தது 1904-ல். பதினான்கு வயதில் கலியாணம். கணவர் சௌந்தரராஜன் டாக்டர். மனைவியைப் படிக்கத் தூண்டியவர். மதுரையில் பிளேக் பரவியபோது அவர் இளமையிலேயே இறந்துபோனார். அந்தக் காலத்து அய்யங்கார் வீட்டில் இளம் விதவைக்கு என்ன வாழ்க்கை காத்திருந்தது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் பெற்றோர் அவளை மூலையில் உட்கார வைக்கவில்லை. டில்லியில் 1916-ல் தொடங்கியிருந்த லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். மதுரையிலிருந்து டில்லிக்கு! பாஷை வேறு, சோறு வேறு, குளிர் வேறு. 1936-ல், முப்பத்திரண்டாவது வயதில், டாக்டர் பட்டம் பெற்றார்.

அவர் படித்தது டாக்டர் படிப்பு. நர்ஸ் படிப்பு அல்ல. தகப்பனாருக்கு வசதி இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. மேலூர் விவசாயிக்குப் பஸ் கம்பெனி கிடையாது. இருந்தும் இந்தக் கதையை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அவர் திரும்பி வந்தபிறகு செய்த காரியம்.

டில்லியில் சுசீலா நய்யாரின் நட்பும், அதன் வழியாகக் காந்தியடிகளின் தொடர்பும் ஏற்பட்டன. 1940-ல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். கஸ்தூரிபா அம்மையார் 1944-ல் மறைந்தபின் அவர் பெயரால் நிதி திரட்டிக் கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொண்டு செய்ய ஓர் அமைப்பு ஏற்பட்டது. தமிழ்நாட்டில் அதன் பொறுப்பு சௌந்தரத்திடம் வந்தது. 1947-ல் மதுரை-திண்டுக்கல் பாதையில், சின்னாளபட்டிக்கு அருகே, கணவரும் மனைவியுமாகக் காந்திகிராமத்தை நிறுவினார்கள். அங்கே வைத்தியசாலை தொடங்கியபோது இரண்டே படுக்கைகள். அது வளர்ந்து கஸ்தூர்பா ஆஸ்பத்திரி ஆயிற்று. கிராமப் பெண்களுக்குச் சேவிகைப் பயிற்சியும், மருத்துவச்சிப் பயிற்சியும் அங்கேயே கொடுத்தார்கள். தாம் படிக்க ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் போக நேர்ந்த ஒரு பெண், அடுத்து வருகிறவள் அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்று பள்ளியைச் சின்னாளபட்டிக்கே கொண்டுவந்துவிட்டார். பின்னால் சட்டசபைக்கும் லோக சபைக்கும் போய், 1962-ல் மத்திய கல்வித் துணை மந்திரியாகவும் ஆனார், 1984-ல் மறைந்தார்.

மதுரைக்காரர்களுக்கு இன்னோர் உதாரணம் கண் முன்னாலேயே இருக்கிறது. எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில் கண் வைத்தியம் பார்த்து, 58-வது வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 1976-ல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கையால் ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். அவருடைய ஆஸ்பத்திரியில் வேலை செய்யச் சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்தார்கள். பார்வையைச் சோதிப்பதும், நோயாளியைத் தயார் செய்வதும், ஆபரேஷன் மேஜையருகே நிற்பதும் அவர்களே. அந்தப் பெண்கள் இல்லாவிட்டால் ஒரு டாக்டர் ஒரு நாளில் அத்தனை கண்களைத் தொட முடியாது.

இவ்வளவையும் புரட்டிவிட்டு நான் கண்டது என்ன? 'கிராமத்திலேயே இரு, தொண்டு செய்' என்று பெண்ணுக்கு உபதேசம் செய்வது சுலபம். அப்படிச் சொன்னவர்களில் கிராமத்தில் பள்ளி கட்டியவர்கள் வெகு சிலர். கட்டியவர்களோ, முதலில் வெளியே போய்த் தொழிலை முழுதாகக் கற்றுக்கொண்டவர்கள். தொழில் கையில் இருந்ததால்தான் திரும்பி வந்தபோது அவர்கள் சொல் எடுபட்டது. அதே சமயம், பட்டணம் போன ஒவ்வொருத்தியும் கற்றுக்கொண்டாள் என்றும் சொல்ல முடியாது. ராத்திரி டியூட்டியும் ஹாஸ்டல் வாடகையுமாக வருஷங்களைக் கழித்துவிட்டு, போனபடியே திரும்பியவர்களும் உண்டு.

வாரம் முடிந்து அப்பாவும் மகளும் வந்தார்கள். சௌந்தரத்தம்மாள் கதையைச் சொன்னேன். விவசாயி கேட்டுக்கொண்டார், "அவுக பெரிய இடம் அண்ணே" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அவர் சொன்னது நியாயம். ஆகையால் சரித்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, பெண்ணிடம் சில கேள்விகள் கேட்டேன். எந்த வார்டில் போடுவார்கள்? அங்கே மதுரையில் கற்க முடியாதது என்ன இருக்கிறது? சர்ட்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொள்வார்களா? நடுவில் வேலையை விட்டால் பணம் கட்டச் சொல்வார்களா? ராத்திரி டியூட்டி முடிந்தால் ஹாஸ்டலுக்கு வண்டி உண்டா?

அவள் எல்லாவற்றையும் விசாரித்துத்தான் வைத்திருந்தாள். தீவிர சிகிச்சை வார்டில் வேலை. அசல் சர்ட்டிபிகேட்டை வாங்குவதில்லை. "ரெண்டு வருஷம் பெரியப்பா. அந்த வார்டு வேலையைக் கத்துக்கிட்டேன்னா, மதுரையில எங்க போனாலும் பாதிச் சம்பளத்துக்குக் கூப்பிட மாட்டாங்க" என்றாள்.

"அம்மாவுக்கு ஊசி?" என்றேன்.

பெண் பதில் சொல்லவில்லை. அவளால் முடியாத கேள்வி அது ஒன்றுதான். போர் கமிட்டியும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நர்ஸ் புறப்பட்டுப் போனபின் நர்ஸ் வீட்டு நோயாளியை யார் கவனிப்பது என்று நானும் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. "வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான் என்றார் தகப்பனார். "ஆம்பளைப் புள்ளை, அவனுக்கு என்ன தெரியும்?" என்றும் சேர்த்துக்கொண்டார். பெண் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பங்குனியில் ஒரு நாள் இரவு, பாண்டியன் எக்ஸ்பிரஸ் புறப்படும் நேரத்துக்கு நான் மதுரை ஸ்டேஷனுக்குப் போனேன். பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தாயார் வரவில்லை, ஸ்டேஷனுக்கு வந்தால் அழுதுவிடுவாளாம். தம்பி பெட்டியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு இறங்கி வந்தான். ஜன்னல் வழியாக அக்காள் அவனிடம் ஏதோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அருகே போய்க் கேட்டேன். எந்த மருந்து எத்தனை அளவு, வயிற்றில் இன்றைக்கு வலப்பக்கம் போட்டால் நாளைக்கு இடப்பக்கம், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னால் என்று பாடம் நடந்துகொண்டிருந்தது.

"ஒரு மாசமா அவன்தான் போடுறான் அண்ணே" என்றார் தகப்பனார். "மொத நாளு கை நடுங்கிச்சு. இப்பப் பரவாயில்லை. 'இவன் போட்டா வலிக்கலை'ன்னு அவ ஆத்தாளே சொல்லிட்டா."

ரயில் நகர்ந்தது. தம்பி கையை ஆட்டிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தான். மேலூருக்குக் கடைசி பஸ் போய்விடப் போகிறது என்று அவசரப்படுத்தினான். காலையில் ஆறரை மணிக்கு ஊசி போடவேண்டுமாம்.